கரண்ட் போன மதியத்தில் கிடைத்த முதலீடு

1

நேற்று எங்கள் கம்பெனிக்கு முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதை எழுதும்போதும் உடம்பில் அந்தப் படபடப்பு இருக்கிறது. ஆறிப்போவதற்குள் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜெர்மனியில் ஒரு கம்பெனியின் பங்கை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நோட்டரியிடம் போக வேண்டும். நம் ஊரில் கோர்ட்டு வாசலில் முத்திரை குத்தி அனுப்புகிற நோட்டரி மாதிரி இல்லை இவர். ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். நியூரம்பெர்க்கில் எங்களுக்கு வாய்த்த நோட்டரி, ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்துக்கொண்டு போனார். இந்தியக் கிளையின் முகவரி வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

ஜெர்மன்காரர்கள் 'வி' என்ற எழுத்தை 'ஃப' என்றுதான் வாசிப்பார்கள். "ஃபிருத்தா... ஷலாம்?" என்று நிமிர்ந்தார். "இது ஊரின் பெயரா, வணக்கம் சொல்கிறதா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ஊர்தான். எங்கள் சூளைகள் எல்லாம் அங்கேதான் எரிகின்றன," என்றேன். அவர் விடவில்லை. நான் சொல்லிக்கொடுக்க, ஊர்ப் பெயரை ஓரளவு சரியாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார்.

நான் ரஹீமா. விருத்தாசலம் கடைவீதியில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். கணவர் ஜமாலுக்கு இங்கே வேலை கிடைத்தபோது கூட வந்தேன். பிறகு நானும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். மகள் சஃபியா பிறந்தது, பள்ளிக்குப் போவது எல்லாம் இங்கேதான். முதலீட்டாளர்கள் பங்கு போக, கம்பெனியில் பாதி என்னுடையது. மறுபாதி செல்வியுடையது. அவள் கம்மாபுரத்துக்காரி, இன்ஜினியரிங் காலேஜில் என் பக்கத்து இருக்கை. இன்றும் விருத்தாசலத்தில் இருந்துகொண்டுதான் வேலை பார்க்கிறாள்.

2

எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை என்று பீங்கான் சாமான் செய்கிற சின்னச் சின்ன யூனிட்டுகள் அங்கே இருக்கின்றன. காய்ந்த சாமானைச் சூளைக்குள் அடுக்கி மணிக்கணக்காகச் சுட வேண்டும். நடுவில் சூடு தாறுமாறாக ஏறினாலோ, சட்டென்று இறங்கினாலோ அடுக்கியிருக்கிற சரக்கெல்லாம் விரிசல் விட்டுவிடும். அதனால் சூளை எரிகிற வரைக்கும் யாராவது ஒருவர் பக்கத்திலேயே கிடக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் செல்வி, பழனிவேல் அண்ணனின் பியூஸ் கேரியர் யூனிட்டில் ஆர்டரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தாள். ஒரு நாள் எனக்கு அவள் அனுப்பிய குரல் செய்தியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "ரஹீமா, சூளைக்குள்ள இருக்குற சூடு போன்ல தெரிஞ்சா எப்புடி இருக்கும்? நம்மளே செய்யலாமாடி?"

செய்தோம். நான் சனி, ஞாயிறுகளில் எழுதினேன். வண்ண வண்ணமாக வரைபடம், நாளைக்கு எந்தச் சூளை எப்படி நடந்துகொள்ளும் என்ற கணிப்பு, ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் செய்திகள் என்று ஏகப்பட்ட வேலைப்பாடு. எஸ்டேட்டில் சில யூனிட்டுகளுக்கு இலவசமாகவே கொடுத்துப் பார்த்தோம். சில வாரம் கழித்துப் பார்த்தால் ஒருவர்கூட அந்தச் செயலியைத் திறக்கவில்லை. நான் இங்கே உட்கார்ந்து பொத்தானின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். செல்வி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு யூனிட் யூனிட்டாகப் போனாள். பழனிவேல் அண்ணன் சொன்னதை அவள் பதிவு செய்து அனுப்பினாள்.

"மெசேஜ் வந்துகிட்டேதாம்மா இருக்குது. ஸ்கூலு குரூப்பு, சொந்தக்காரங்க குரூப்பு, நடுவுல ஒங்க சூளை. எதன்னு பாக்குறது? போன் அடிச்சாத்தான் எடுப்பேன்."

ஒரு நாள் முழுக்க எனக்குக் கோபம். மறுநாள் செல்வியும் நானும் பேசி, முக்கால்வாசி மென்பொருளைத் தூக்கிப்போட்டோம். சூடு மாறினால் கணினி போன் போட வேண்டும், அவ்வளவுதான். அழைப்பில் செல்வியின் குரல்: "அண்ணே, சூளையில சூடு எறங்குது. ஒடனே போயி பாருங்க." முதல் வாரத்தில் பழனிவேல் அண்ணன் அது பதிவு செய்த குரல் என்று தெரியாமல், "தோ வந்துட்டேம்மா, நீ சாப்புட்டியா?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள் என்று வருத்தம் வேறு. அடுத்த மாதம் வேப்பூரில் அவர் மச்சான் வீட்டுக் கல்யாணம். சூளை எரிந்துகொண்டிருக்கும்போதே கிளம்பிப் போய் பந்தியில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். பந்தியிலேயே எங்களுக்கு விளம்பரமும் செய்துவிட்டார். அடுத்தடுத்து யூனிட்டுகள் கேட்டு வந்தன. இந்த முறை சந்தா கட்டித்தான்.

என் அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறார். கடை மாடியில் காலியாக இருந்த அறைதான் எங்கள் முதல் ஆபீஸ். அவர் ஒரு நாள் செல்வியைக் கேட்டாராம்: "கம்பெனி கம்பெனிங்கிறீங்களே, சரக்கு எதையும் காணுமே. என்னாத்த விக்கிறீங்க?"

"போன் அடிக்கிறத விக்கிறோம் மாமா," என்றாளாம்.

பின்னாளில் முதலீட்டாளர்கள் 'ஒரே வாக்கியத்தில் உங்கள் பொருளைச் சொல்லுங்கள்' என்று கேட்டபோதெல்லாம் நான் கஷ்டப்பட்டுத் தயாரித்த வாக்கியங்கள் எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

3

இங்கே ஜெர்மனியில், எங்களுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பீங்கான் தொழிற்சாலை. குடும்பத் தொழில். அதை நடத்துகிற வைகெல் என்பவரும் எங்கள் மென்பொருளைக் கேட்டபோதுதான் நான் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு என் பிழைப்பில் பாதி, அரசு அலுவலகங்களில் கழிந்தது.

இங்கே தங்குவதற்கான என் அனுமதி, வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டுச் சொந்தக் கம்பெனி என்றால் அனுமதியை மாற்ற வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஓர் அம்மா மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"உங்கள் முதலாளி யார்?"

"நான்தான்."

"உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது?"

"நான்தான்."

"அப்படியானால் உங்கள் முதலாளியிடமிருந்து, நீங்கள் அங்கே வேலை செய்வதற்கு ஒரு சான்று வாங்கி வாருங்கள்."

வீட்டுக்கு வந்து 'மதிப்பிற்குரிய ரஹீமா அவர்களுக்கு' என்று எனக்கு நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொண்டுபோனேன். ஏற்றுக்கொண்டார்கள்.

செல்வி பாடு இன்னும் வேடிக்கை. அவளுக்கு இருப்பது ஒரே பெயர். இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்ததால், வருகிற மின்னஞ்சல் எல்லாம் 'திருமதி கலியபெருமாள்' என்றே ஆரம்பித்தன. கலியபெருமாள் மாமா கம்மாபுரத்தில் டூவீலர் மெக்கானிக். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனபின் பட்டறை வைத்தவர். பெரிய மீசை.

"எங்கப்பாவ ஏன்டி திருமதிங்கிறாங்க? வூட்டுல சொன்னா அவரு மீசைய முறுக்கிகிட்டு சண்டைக்கு வந்துருவாரு," என்றாள்.

4

சூளைகள் கூடக் கூட எங்கள் கைப்பணம் போதவில்லை. சூட்டை அளக்கிற கருவிகள் வாங்க வேண்டும், மாடி அறையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சம்பளம் போட வேண்டும், ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புச் சான்று எடுக்க வேண்டும். ஜமாலின் சம்பளத்தில் வீடு ஓடியது. கம்பெனி ஓட முதலீடு தேவைப்பட்டது.

முதலீட்டாளர்களிடம் பேசுவதற்கு எனக்குப் பயிற்சி கொடுத்தவள் சஃபியா. நான் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து ஜெர்மனில்தான் பதில் வரும். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். வாட்ஸாப்பில் விருத்தாசலத்து உறவினர்கள் யாராவது வந்தால் கையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். ஆனால் என் ஜெர்மனைத் திருத்துவதென்றால் சலிக்காமல் வந்து உட்காருவாள். ஜெர்மனில் சூளைக்கு 'ஓஃபன்', திறந்திருப்பதற்கு 'ஒஃபன்'. நான் இரண்டையும் ஒரே மாதிரி சொல்வேனாம். "அம்மா, நீ இப்போ 'எங்கள் திறந்தது ரொம்பச் சூடு'ன்னு சொன்ன," என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டதும், அது அவள் தமிழில் சொன்ன அபூர்வ வாக்கியம் என்பதால் எனக்கு இனித்தது.

அவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் ஆங்கிலத்தில்தான் வழுக்கினேன். மியூனிக்கில் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம். நீள மேஜை. நான் சூளையைப் பற்றி உணர்ச்சிவசப்பட்டுப் பேசி முடித்ததும் அவர்களில் ஒருவர், "உங்கள் பர்ன் என்ன?" என்று கேட்டார். மாதம் எவ்வளவு பணம் கரைகிறது என்பதை இந்தத் தொழிலில் அப்படிக் கேட்பார்கள். என் மூளை முழுக்கச் சூளை.

"ஆயிரத்து இருநூறு டிகிரி," என்றேன்.

மேஜையே சிரிப்பில் அதிர்ந்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் உண்மையான கேள்விகளாக இருந்தன. அன்று அந்த மேஜையின் ஓரத்தில் இருந்தவர் ஹோல்ஸர் அம்மையார். சின்ன முதலீட்டு நிறுவனம் ஒன்றை நடத்துகிறவர். பெரிய நிறுவனங்கள் போடுகிற முதலீட்டோடு சேர்ந்து தானும் போட வந்திருந்தார்.

முதலீடு தருகிறோம் என்றார்கள். நான் நடைபாதையிலேயே ஜமாலுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பிறகு மியூனிக் நிறுவனத்தின் நிபந்தனைகள் வந்தன. விருத்தாசலத்துச் சின்ன யூனிட்டுகளை விட்டுவிட வேண்டும், அவற்றிலிருந்து வருகிற வருமானம் வளராது. செல்வி பங்குதாரராக இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யட்டும். நிறுவனர் என்று ஒருவர் இருந்தால் போதும், அது நானாக இருக்கட்டும். எனக்குச் செய்கிற மரியாதை என்றே அவர்கள் நினைத்தார்கள்.

செல்வியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு இல்லை.

"பணம் வேணும்தான்டி. மாசம் பொறந்தா புள்ளைங்களுக்குச் சம்பளம் போடணும், அது ஒனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனா நானும் இல்லாம, இந்தச் சூளையும் இல்லாம நீ எதடி விப்ப? அழுவாத. மீட்டிங் போடு. நானே பேசுறேன்."

5

அவளை நேரில் வரவழைக்கத்தான் ஆசை. விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவில்லை. அதனால் வீடியோவில். எங்களுக்குக் காலை, அவளுக்கு உச்சி வெயில். பழனிவேல் அண்ணன் யூனிட்டின் ஆபீஸ் அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் சூளைக் கொட்டகை. திரையின் ஒரு பக்கம் அவள் முகம், மறுபக்கம் அந்தச் சூளையின் சூட்டைக் காட்டும் கோடு. மியூனிக்கில் நான், பெரிய நிறுவனத்துக்காரர்கள், ஹோல்ஸர் அம்மையார்.

செல்வி தன் விளக்கத்தில் மூன்றாவது ஸ்லைடுக்குத்தான் போயிருப்பாள். அவள் தலைக்கு மேலே இருந்த மின்விசிறி மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது. அறை இருண்டது. கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பும் சூட்டை அளக்கிற கருவியும் பேட்டரியில் ஓடின, இணையம் கைபேசியிலிருந்து வந்ததால் தப்பியது. ஆனால் சூளைக்குக் காற்று தள்ளுகிற ப்ளோயர் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப வேண்டும், கிளம்பவில்லை. திரையில் கோடு கீழே சாயத் தொடங்கியது.

அவள் கைபேசி அடித்தது. எடுத்தால் அவள் குரலேதான்: "அண்ணே, சூளையில சூடு எறங்குது..."

செல்வி எழுந்தாள். ஜெர்மன்காரர்களைப் பார்த்துத் தமிழிலேயே, "ஒரு நிமிஷம், போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

காலி நாற்காலியையும் ஜன்னலையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவள் கொட்டகையைக் கடந்தாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்த பழனிவேல் அண்ணன் மொபெட்டில் வந்து, அதை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு பேரும் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டினார்கள். கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. எந்த இடத்துக்குக் கீழே போனால் சரக்கு போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷத்தில் மேஜையில் இருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் கடிக்க எடுத்த பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஜன்னலில் கரும்புகை குப்பென்று எழுந்தது. காலி நாற்காலிக்கு மேல் இருந்த மின்விசிறி அசைந்தது, சுற்றியது. கோடு இன்னும் கொஞ்சம் இறங்கி, தயங்கி, வளைந்து, மேலே ஏறியது. நான் என்னை மறந்து தமிழில் கத்திவிட்டேன். ஹோல்ஸர் அம்மையார் கை தட்டினார்.

செல்வி வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்து, "சாரி. எங்க விட்டோம்?" என்றாள் ஆங்கிலத்தில்.

"இது அடிக்கடி நடக்குமா?" என்று ஹோல்ஸர் கேட்டார்.

"வெயில் காலத்தில் நடக்கும்."

"ஒவ்வொரு முறை நடப்பதும் உங்கள் கணினியில் பதிவாகிறதா?"

"எல்லாம். எந்தச் சூளை, எவ்வளவு இறங்கியது, எப்படி மீண்டது, சரக்கு தப்பித்ததா, எல்லாம்."

ஹோல்ஸர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "ஜெர்மனியில் எந்தச் சூளையிலும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. இங்கே கரண்டே போவதில்லை."

"அதனால்தான் இந்தச் சின்ன யூனிட்டுகளை நான் விடமாட்டேன்," என்றாள் செல்வி. பிறகு கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஒன் மோர் திங். ஐ ஆம் நாட் ஸ்டாஃப். ஐ ஆம் ஹாஃப்," என்றாள்.

இப்படி ஒரு காட்சிக்குப் பிறகு எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். மியூனிக் நிறுவனம் அடுத்த வாரம் நாகரிகமாக மறுத்துவிட்டது. ஹோல்ஸர் விலகவில்லை. தனக்குத் தெரிந்த இருவரைச் சேர்த்துக்கொண்டு, நாங்கள் கேட்டதில் ஏறக்குறைய பாதியைத் தருவதாகச் சொன்னார். எஸ்டேட் சூளைகள் இருக்கும், செல்வி எனக்குச் சமமான பங்குதாரராக இருப்பாள். நினைத்த வேகத்தில் ஓட முடியாது. சான்றிதழ் வேலை ஒரு வருஷம் தள்ளிப்போகும். முதலீடு தேடுகிற நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது: பணம் தருகிறவர் உங்கள் தொழிலில் எதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார் என்று கவனியுங்கள். மியூனிக்காரர்கள் கணக்கைப் பார்த்தார்கள். ஹோல்ஸர் கோட்டைப் பார்த்தார்.

6

நேற்று நோட்டரி படித்து முடித்தபோது எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. செல்வி சென்னையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகம் வரை போய்ச் சான்று பெற்று அனுப்பிய அதிகாரப் பத்திரத்தின்படி அவளுக்காகவும் நானே கையெழுத்திட்டேன். வெளியே வந்து கைபேசியை உயிர்ப்பித்தால் வைகெல்லிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அவர் தொழிற்சாலையில் எங்கள் மென்பொருள் நேற்றுதான் முதன்முதலாக ஓட ஆரம்பித்திருந்தது. கையெழுத்துப் போட்ட அன்றைக்கேவா?

கூப்பிட்டேன். மனிதர் உற்சாகமாகப் பேசினார். "உங்கள் ஆபீஸில் எல்லாம் பார்த்துக்கொண்டார்கள். அந்த இளம் பெண்மணிக்கு என் நன்றி."

ஜெர்மனியில் எங்கள் ஆபீஸ் என்பது எங்கள் வீடு. அங்கே மேஜையில் இருக்கிற தொலைபேசிதான் கம்பெனி எண். அதைத் தொடக்கூடாது என்று சஃபியாவுக்குக் கண்டிப்பான உத்தரவு.

பள்ளி விட்டு வந்திருக்கிறாள். தொலைபேசி விடாமல் அடித்திருக்கிறது. எடுத்தால் வைகெல். சூளையின் வலது பக்கத்துச் சூடு இறங்குகிறது, கணினி கூப்பிட்டது, இப்போது மற்ற பர்னர்களை ஏற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். என் கைபேசி அணைந்திருந்தது. சஃபியா தன் கைபேசியில் செல்வியைக் கூப்பிட்டு, ஒரு காதில் ஜெர்மன், மறு காதில் தமிழ் என்று நின்றிருக்கிறாள். செல்வியை அவள் சாச்சி என்பாள், எங்கள் வீடுகளில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

நடந்ததைச் செல்வி பிறகு எனக்குச் சொல்லும்போது சிரிப்பில் பாதி புரியவில்லை. "ஏத்த வேணாம், மொதல்ல எல்லாத்தையும் கொறைக்கச் சொல்லுன்னு சொன்னேன்டி. 'கொறைக்கணுமா? நாய் மாதிரியா சாச்சி?'ங்குது. நான் என்னாத்த சொல்லுவேன்! கம்மி பண்ணச் சொல்லு தாயீன்னேன். அப்புறம் கெடுகெடுன்னு சொல்லிடுச்சு. அவரு கொறச்சாரு. போயிப் பாத்தா வலது பக்கம் ஒரு பர்னரு அணஞ்சி கெடந்துருக்குது. ஏத்தியிருந்தா ஒரு பக்கம் சூடு ஏறி, ஒரு பக்கம் ஆறிப்போயி, அடுக்குன சரக்கு மொத்தமும் வெடிச்சிருக்கும்."

நான் டிராமுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதி தூரம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தால் சஃபியா மேஜையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். தமிழில். சூளை விஷயம் முடிந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஒப்பந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கையெழுத்தாயிடுச்சு!" என்று நான் கத்த வாயெடுக்கும்போது, பொறு என்று கையைக் காட்டினாள்.

"அம்மா இப்பதான் வூட்டுக்கு வந்தாங்க சாச்சி. இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்." போனைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "அம்மா, வைகெல் அடுத்த சூளை எப்போ பத்த வைக்கிறாரு? எனக்கு ஸ்கூல் இருக்கும்போது வேணாம்னு சொல்லு."